பலகை போகலாம், உருவம் போகக்கூடாது

என் மாமனாரின் அப்பா ஓட்டிய பிரோக், வியே கிரான் போர் என்ற ஊரில் மாமாவின் அக்கா வீட்டுக் கொல்லையில், வாதாமரத்தடியில் 11 வருடம் கிடந்தது. பிரோக் என்பது மொரிஷியஸ் கரையின் மரப்படகு. நம் ஊர் வள்ளத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. இது 20 அடி நீளம், நடுவில் ஐந்தரை அடி அகலம். பாய்மரம் இல்லை, சுக்கான் இல்லை. எஞ்சின் மாட்டுவதற்காகப் பின்பலகையை யாரோ அறுத்திருந்தார்கள். உள்ளே முழங்கால் உயரத்துக்கு வாதாஞ்சருகு. கையை விட்டு விலக்கினால் அடிச்சருகு கறுத்துக் கூழாகியிருந்தது. அதற்கும் கீழே தண்ணீர். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பில்லை. மழைத் தண்ணீர்.

பழைய மரப்படகைக் கடல்தான் கொல்லும் என்று பலரும் நினைக்கிறார்கள். கடலில் கிடக்கும் படகுக்குக் கடற்புழு பகை, சரிதான். கரையில் கிடக்கும் படகுக்கு மழைதான் எமன். உப்புத் தண்ணீர் மரத்தைப் பூஞ்சையிடமிருந்து காக்கும். நல்ல தண்ணீர் தேங்கினால் மரம் மக்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் அந்தப் பூஞ்சைக்கு வேலையில்லை. அதனால் கைவிட்ட படகு எதையாவது பார்த்தால், அதை எடுப்பதா விடுவதா என்று யோசிப்பதற்கு முன்பே சருகை அள்ளிக் கொட்டுங்கள். அடியில் உள்ள துளையின் தக்கையைப் பிடுங்கி விடுங்கள். நான்கு கம்பு நட்டு, காற்றுப் போகிற மாதிரி மேலே ஒரு கூரை போடுங்கள். தார்ப்பாயை இறுக்கிச் சுற்றிக் கட்டிவிடாதீர்கள். உள்ளே வேர்த்து, மழையில் நனைவதைவிட வேகமாக மக்கும். அரை நாள் வேலைதான். அதை முடித்துவிட்டு நிதானமாக யோசிக்கலாம்.

நான் தூத்துக்குடிக்காரி. அப்பா தோணி கட்டும் ஓடாவி. 2009-இல் கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தேன். மாயேபூரில் குடியிருக்கிறோம், தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் பேச்சு இந்தத் தீவின் மொழியான கிரியோலில். மாமாவுக்குத் தேவாரமும் காவடிப் பாட்டும் மனப்பாடம், ஆனால் 'தண்ணி கொண்டா' என்பதைக் கிரியோலில்தான் சொல்லுவார். எனக்குத் தமிழ் பேச்சு பள்ளியில், கோயிலில், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் படகடியில்.

இந்தப் படகுக்கு முன் ஒன்றை இழந்திருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2014-இல் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பந்தயப் பிரோக்கை எங்களுக்குக் கொடுத்தார். மாயேபூர் விரிகுடாவில் பாய்ப்படகுப் பந்தயம் பேர்போனது. அந்தப் படகு அதில் ஓடியது. ஒரு பட்டறையில் ஒப்படைத்தோம். பலகை இடுக்கெல்லாம் கெட்டிப் பசையால் அடைத்து, வெளிப்பக்கம் முழுக்க ஃபைபர் துணி ஒட்டி, பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். 'இனி 30 வருடத்துக்குக் கவலை இல்லை' என்றார்கள். பார்க்கப் புதுப்படகு மாதிரியே இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது அந்த ஃபைபர், வறுத்த கடலையின் தோல் மாதிரி கழன்று வந்தது. உள்ளே பலகையைக் கையாலேயே பிய்க்க முடிந்தது.

காரணம் எளிது. மரம் தண்ணீர் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஃபைபர் விரிவதுமில்லை சுருங்குவதுமில்லை. இரண்டும் இழுபறியில் பிரியும்போது ஏதாவது ஓர் ஆணித்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது. புதிதாக, உலர்ந்த மரத்தில், அதற்கென்றே கட்டிய படகு வேறு. ஆணியடித்துப் பஞ்சு திணித்துக் கட்டிய பழைய படகின் மேல் ஃபைபர் போர்த்துவது, என் அனுபவத்தில், அதை உயிரோடு புதைப்பதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு சோழமண்டலக் கரையில் ஃபைபர் படகுகள் நிவாரணமாக வந்து குவிந்து, கட்டுமரங்கள் அடுப்புக்குப் போனதைப் பார்த்தவள் நான். ஃபைபர் படகு மேல் எனக்குக் கோபம் இல்லை. மீனவனுக்கு அது சோறு போடுகிறது. ஆனால் பழைய படகுக்கு மருந்து என்று சொல்லி அதை விற்கும்போது வயிறு எரிகிறது.

தொந்தோனை 2020 ஆகஸ்டில் சந்தித்தேன். தொந்தோன் என்றால் கிரியோலில் மாமா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளத்திட்டில் ஏறி, ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசியத் தொடங்கியது. சுமார் 1,000 டன் எண்ணெய் எங்கள் கடலில் பரவியது. அப்போது மாயேபூர் கரையில் ஊரே உட்கார்ந்து கரும்புத் தோகையைத் துணிப்பைகளில் திணித்து மிதவை தைத்துக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டிருந்த கிழவர், நான் தைத்த தையலைப் பார்த்துவிட்டு, 'இது பாய் தைக்கிற தையலாச்சே, யாரிடம் கற்றாய்?' என்றார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். தான் 15 வயதிலிருந்து பிரோக் கட்டியவர் என்றார். அப்போது அவருக்கு 74 வயது. பேச்சுவாக்கில் மாமாவின் அக்கா வீட்டுப் படகைச் சொன்னதும், 'அதைக் கட்டியது என் அப்பா' என்றார்.

வேலை தொடங்குவதற்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. படகு யாருடையது என்ற கேள்விக்கே மூன்று மாதம். மாமாவுடன் பிறந்தவர்கள் ஐந்து பேர், ஒருவர் ரெயூனியன் தீவில். கொல்லையில் கேட்பாரற்றுக் கிடக்கிறவரை அது யாருக்கும் வேண்டாம். ஒருத்தி எடுத்துச் செப்பனிடுகிறாள் என்றதும் எல்லோருக்கும் நினைவு வந்துவிடும். குற்றம் சொல்லவில்லை, அப்பா நினைவு அது. ஐந்து பேரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கினேன். பழைய பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் பழைய படகில் ஒரு ஆணிகூடக் கழற்றக்கூடாது.

அடுத்து தொந்தோன் செய்தது என்னைப் பொறுமையிழக்க வைத்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கருவியும் எடுக்க விடவில்லை. வெறும் நூலும் தூக்குக்குண்டும்தான். படகின் முன்முனையான அணியத்திலிருந்து பின்பலகை வரை நடுவில் நூல் கட்டினார். ஒவ்வோர் இரண்டடிக்கும் ஒரு குறி. ஒவ்வொரு குறியிலும் நூலிலிருந்து பலகை விளிம்பு வரை இடம், வலம், உயரம் என்று நான் நோட்டில் எழுதினேன். பிறகு மெல்லிய பிளைவுட்டை உட்பக்க வளைவுக்கு ஏற்ப வெட்டி, வைத்துப் பார்த்து, சீவி, மறுபடி வைத்துப் பார்த்து, ஒளி புகாத அளவுக்குப் பொருந்தின பிறகுதான் அடுத்ததுக்குப் போவார். இப்படி ஒன்பது அச்சு. 'பா பிஸின் ப்ரெசே' என்பார் அடிக்கடி. அவசரப்பட வேண்டாம்.

இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஓரிடத்தில் ஒன்றரை அங்குல வித்தியாசம் வந்தது. நான் தப்பாக அளந்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. வருடக்கணக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்ததில் படகு கோணியிருந்தது. படகின் முதுகெலும்பு மாதிரி அடியில் ஓடும் ஏராவும் வளைந்திருந்தது, நடு மேலேறி இரண்டு முனையும் தொங்கியிருந்தது. வயதான படகுகளுக்கு வரும் கூன் அது. இதைக் கவனிக்காமல் அப்படியே புதுப்பலகை அடித்திருந்தால், கோணல் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும். தொந்தோன் ஜாக்கி வைத்து ஒரே நாளில் நிமிர்த்தவில்லை. அடியில் ஆப்பு வைத்து வாரத்துக்கு ஒரு விரல் கனம் மாற்றினார். மரம் இத்தனை வருடமாகக் கொஞ்சங்கொஞ்சமாக வளைந்தது. திரும்பி வரவும் அதற்கு அவகாசம் வேண்டும். நிமிர்ந்த பிறகு உள்ளே குறுக்குச் சட்டங்கள் அடித்து உருவத்தைப் பூட்டினோம்.

இந்த வேலையில் நான் கற்றதில் பெரிது இதுதான். பழைய படகில் காப்பாற்ற வேண்டியது மரம் அல்ல, உருவம். எந்தப் பலகையையும் மாற்றிக்கொள்ளலாம். இந்த அடிவயிறு எங்கே தொடங்கி எங்கே ஒடுங்குகிறது, அணியம் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பது இந்தக் கரையின் ஆழத்துக்கும் தென்கிழக்குக் காற்றுக்கும் என்று தலைமுறை தலைமுறையாகக் கைகள் கண்டுபிடித்தது. பிரோக் கட்டுகிறவர்கள் வரைபடம் போட்டுக் கட்டவில்லை. கடைசிப் படகு மக்கினால் அந்த உருவமும் போய்விடும். அதனால்தான் எல்லாப் பலகையையும் ஒரே மூச்சில் கழற்றக்கூடாது. ஒன்றைக் கழற்றி, அதையே அச்சாக வைத்துப் புதியதை வெட்டிப் பொருத்தி, பிறகு அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒன்று. ஒரு பக்கத்தை முழுக்க உரித்தால் மறுபக்கத்து விசையிலேயே படகு திருகிவிடும்.

எது மக்கியது, எது நல்லது என்பதைக் கண்ணால் நம்பாதீர்கள். பெயின்ட் எல்லாவற்றையும் மறைக்கும். மெல்லிய கோணூசியும் சின்னச் சுத்தியலும் போதும். நல்ல மரம் 'டக்' என்னும்; கெட்டது 'பொத்' என்னும். படகின் விலா எலும்பு மாதிரி இருக்கும் வங்குகளின் கால்கள் ஏராவில் உட்காரும் இடம், பின்பலகையின் மூலைகள், அணியத்தின் உள்முனை — தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் நோய். 22 வங்குகளில் ஒன்பது போயிருந்தன. ஏராவின் பின்முனையில் கடற்புழு. வெளியே குண்டூசித் தலை அளவு துளைதான் தெரிந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் நுழைகிற குகைகள், சுவரில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. புழு என்கிறோமே தவிர அது சிப்பி இனம். படகைக் கரையேற்றினாலும் தன் வாசலை அடைத்துக்கொண்டு சில வாரம் உயிரோடு இருக்கும், அதனால் நாலு நாள் வெயிலில் போட்டால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அந்த முனையை அறுத்தெடுத்து, நீண்ட சாய்வு வெட்டில் புது மரம் இணைத்தோம். சாய்வு மரத்தின் கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளம் இருக்க வேண்டும். குட்டையான இணைப்பு நிற்காது. நல்ல மரத்துக்கும் பூஞ்சை ஏறாமலிருக்க, வெங்காரமும் போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்து இரண்டு முறை பூசினோம். அது தண்ணீரில் கரைந்து போகக்கூடியது, மேலே பெயின்ட் கட்டாயம்.

இனி மரத்தின் கதை.

கட்டட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்திருந்த ராமநாதபுரத்துத் தம்பி ஒருவர், தச்சர், கோயிலில் பழக்கமாகி ஞாயிறுதோறும் வரத் தொடங்கியிருந்தார். தொந்தோனுக்குக் கிரியோல் மட்டும், தம்பிக்குத் தமிழ் மட்டும். நடுவில் நான். ஒருநாள் தொந்தோன், பழைய வங்குகள் எல்லாம் தக்கமக்கா, புதியதும் தக்கமக்காதான் வேண்டும் என்றார். தம்பி, 'அது என்ன மரம்க்கா, நான் கேள்விப்பட்டதே இல்லையே' என்றார். எனக்கும் பெயர் தெரியும், மரம் தெரியாது. தொந்தோன் எங்களைக் கடலோரம் கூட்டிக்கொண்டு போனார். கரும்பச்சை இலை, தடித்த அடிமரம், தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. தம்பி குனிந்து கீழே கிடந்த உருண்டைக் காய் ஒன்றை எடுத்தார். கையில் உருட்டினார். கல்லில் தட்டி உடைத்து மோந்தார்.

'அக்கா, இது புன்னைக்கா. எங்க அப்பத்தா இதுல எண்ணெய் எடுத்து வெளக்கெரிக்கும்.'

புன்னைதான். நெய்தல் நிலத்து மரம், கடலைத் தாண்டி வேறு பெயரில் நின்றுகொண்டிருக்கிறது. தொந்தோனிடம் சொன்னபோது அவர் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், 'புன்னே, புன்னே' என்று. அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு. தொந்தோன் ஒரு துண்டைத் தொட்டு 'புவா நுவார்' என்பார். தம்பி மோந்து பார்த்து 'வாகை' என்பார். 'ழாக்' என்றால் பலா. 'ஃபிலாவோ' சவுக்கு. 'பதாமியே' எங்கள் படகு கிடந்த அதே வாதாமரம். எனக்கு மொழிபெயர்க்கிற வேலை குறைந்துகொண்டே வந்தது.

1735-இல் இத்தீவுக்கு ஆளுநராக வந்த மாயே தெ லா பூர்தொனே, துறைமுகம் கட்டப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தார். மாயேபூர் என்ற ஊர்ப்பெயரே அவர் பெயரிலிருந்து வந்ததுதான். வந்தவர்களில் தமிழ்த் தச்சர்களும் கொத்தர்களும் இருந்தார்கள். அவர்களும் இந்தக் கரையில் ஒரு காயைப் பொறுக்கி மோந்து பார்த்திருப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. இன்றும் அந்த மரத்தைக் கடக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

வங்குக்கு மரம் தேடுவது தனிக் கலை. நேரான பலகையிலிருந்து வளைவாக அறுத்தால் நார் குறுக்கே ஓடும், முதல் பெரிய அலையிலேயே முறியும். இயற்கையாக அதே அளவு வளைந்த கொப்பு வேண்டும். அப்போதுதான் நார் வளைவோடு சேர்ந்து ஓடும். தொந்தோன் பிளைவுட் அச்சைத் தோளில் மாட்டிக்கொண்டு மரம் மரமாக அண்ணாந்து பார்த்து நடப்பார். கரையோரத்து அரசு நிலத்து மரத்தில் அனுமதியில்லாமல் கை வைக்கக்கூடாது, வைக்கவும் இல்லை. 2022 பிப்ரவரியில் பட்சிராய் புயல் தீவுக்கு வடக்கே கடந்தபோது, எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஒருவரின் தோட்டத்தில் பெரிய புன்னைக் கிளை முறிந்து விழுந்தது. விடியற்காலையில் போன் செய்து, 'டீச்சர், விறகுக்காரன் வருவதற்குள் வந்துவிடுங்கள்' என்றார். அந்த ஒரே கிளையில் ஏழு வங்கு கிடைத்தது. வாய்ச்சியால் கனமாகச் செதுக்கி, வெட்டு முனைகளில் பழைய பெயின்டைத் தடவி, நிழலில் ஆறு மாதம் அடுக்கி வைத்தோம். முனையில் பூசாவிட்டால் அங்கிருந்து ஈரம் வேகமாகப் போய், வெடிப்பு ஒரு முழம் உள்ளே ஓடும். மீதி இரண்டு வங்கு வாகையில்.

பலகைக்குக் கடையில் கிடைத்த சிவப்பு மெரந்தி மரம். ஒரே பெயரில் பல தரம் வரும். தூக்கிப் பார்த்துக் கனமானதாக, நிறம் அடர்ந்ததாகப் பார்த்து எடுங்கள்.

ஆணியில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்தப் படகின் பழைய ஆணிகள் இரும்பு. துருவேறி விரிந்து சுற்றியுள்ள மரத்தையே வெடிக்க வைத்திருந்தன. பழைய துளையில் புது ஆணி பிடிக்காது. துளையைத் தமரால் பெரிதாக்கி, மரமுளை அடித்து அடைத்துவிட்டு, பக்கத்தில் புதுத் துளை போடவேண்டும். நாங்கள் துத்தநாகக் குளியல் கொடுத்த ஆணி போட்டோம். கடையில் வெள்ளிபோலப் பளபளக்கும் ஆணி வேண்டாம், அதில் துத்தநாகம் மேல்பூச்சாக மட்டும்தான் இருக்கும். சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருப்பதைக் கேளுங்கள். எவர்சில்வர் ஆணி நல்லது என்று சொல்வார்கள். காற்றுப் படாத ஈர மரத்துக்குள் அது புள்ளிப் புள்ளியாக அரிக்கும், வெளியே தெரியவும் தெரியாது. செம்பும் இரும்பும் ஒரே படகில் கலக்கவே கூடாது. உப்புத் தண்ணீரில் செம்பு இரும்பைத் தின்றுவிடும்.

பழைய பெயின்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் ஈயம் இருக்கக்கூடும். மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்தத் தூள் நம் நுரையீரலுக்கும் பக்கத்தில் விளையாடுகிற பிள்ளைகளுக்கும்தான் போகும். தண்ணீர் தெளித்து, சுரண்டியால் ஈரமாகச் சுரண்டி, கீழே விரித்த துணியோடு சுருட்டி எடுங்கள். அடிப்பெயின்டின் செதிள்களும் கடலுக்குப் போகக்கூடாது. எங்கள் பக்கத்தில் புளூ பே பவளங்கள் இருக்கின்றன, அவை பட்டது போதும்.

கலப்பத்து நாள், அதாவது பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கும் நாள், வந்தபோது தொந்தோன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும். பலகை இடுக்கு உள்பக்கம் ஒட்டியும் வெளிப்பக்கம் 'வி' வடிவில் கொஞ்சம் திறந்தும் இருக்கும். அதில் முறுக்கிய பஞ்சை மழுங்கல் உளியால் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கவேண்டும். எங்கள் ஊரில் மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். இங்கே ஆளிவிதை எண்ணெயும் சுண்ணக்கட்டித் தூளும் பிசைந்த பட்டி. சின்ன வயதில் அப்பா செய்வதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், கையில் உளி பிடித்ததில்லை. வீடியோ அழைப்பில் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் முகம் திரையில் தெரிந்தது, ஆனால் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

'எம்மா, போனைப் பலகைகிட்ட வச்சுட்டுத் தட்டு.'

தட்டினேன்.

'இன்னும் மொத்தையாக் கேக்குது. தட்டு... தட்டு... இப்ப மணி மாதிரி கேக்கா? நிறுத்து. அதுக்கு மேல ஒரு அடி விழக்கூடாது.'

பஞ்சு இறுகியதும் சத்தம் மாறுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆசையில் இன்னும் இரண்டு அடி அடித்தால் பஞ்சு மறுபக்கம் பிதுங்கும். அதைவிட மோசம், பலகை விரிய இடமில்லாமல் வங்கை முறிக்கும். தொந்தோன் அந்தப்பக்கம் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். மொழி புரியாவிட்டாலும், அப்பா 'நிறுத்து' என்ற அதே நொடியில் அவரும் கை தூக்கினார்.

பாய் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய பாய் ஒன்று, முன்னால் சின்னது ஒன்று. பாலியெஸ்டர் துணி, தொந்தோன் நினைவிலிருந்து சொன்ன அளவு, ஒரு ஆசிரியையின் தையல் மெஷின். அறுபட்ட பின்பலகையை முழுதாக மாற்றிச் சுக்கான் மாட்டினோம். செலவு என்று பார்த்தால் மரம், ஆணி, பெயின்ட், துணி எல்லாம் சேர்ந்து 90,000 மொரிஷியஸ் ரூபாயைத் தொட்டது. கூலி கணக்கில் இல்லை, யாரும் வாங்கவில்லை. நேரம், இரண்டரை வருடத்து ஞாயிறுகள். அதில் தைப்பூச விரத நாட்களும் 2021 ஊரடங்கும் கழியும். இதைப் பணம் மிச்சம் பிடிக்கிற வழி என்று நினைத்து யாரும் இறங்க வேண்டாம்.

2023 செப்டம்பரில் தண்ணீரில் இறக்கினோம். அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே சாக்குகளைக் கடல் தண்ணீரில் நனைத்து உள்ளேயும் வெளியேயும் போர்த்தி வைத்தோம், பலகை மெல்ல விரியட்டும் என்று. கோயில் ஐயர் கற்பூரம் காட்டினார். தொந்தோன் சிலுவை போட்டுக்கொண்டார். அத்தை வாழை இலையில் ஏழு கறி பரிமாறினார். நாங்கள் கடைசிக் கறிக்கு வருவதற்குள் படகில் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர். மாமா பதறிப்போய் இலையை விட்டு எழுந்தார், 'இழுங்கள், கரைக்கு இழுங்கள்' என்று. தொந்தோன் அசையவில்லை. 'தூஸ்மா, தூஸ்மா' என்றார். மெதுவாக, மெதுவாக. இடுப்பளவு ஆழத்தில் கட்டி, இரண்டு இரவு அப்படியே முழுகவிட்டோம். மூன்றாம் நாள் காலை இறைத்துவிட்டுக் காத்திருந்தோம். மாலையில் இரண்டு வாளி வந்தது. மறுநாள் ஒரு வாளி. அதற்கடுத்த நாள் மாமா கையை உள்ளே விட்டு அடிப்பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஈரம் மட்டும்தான், தண்ணீர் இல்லை. அந்த இரண்டு நாள் பொறுக்க முடியாமல் கரைக்கு இழுத்து இன்னும் பஞ்சு திணிக்கிறவர்கள்தான் வங்கை உடைத்துக்கொள்கிறார்கள்.

தென்கிழக்குக் காற்றில் ஈல் ஓஸ் எக்ரெத் தீவு வரை போய்த் திரும்பினோம். மாமா சுக்கான் பிடித்தார். எழுபது வயது மனிதர், அப்பா மடியில் உட்கார்ந்து போன படகு. திரும்பி வரும்வரை பேசவே இல்லை.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது அதைக் கொல்லைக்கு ஏற்றிக் கவிழ்த்துப் போட்டு, அதே வாதாமரத்தில் கட்டினோம். ஒன்றும் ஆகவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பரில் புயல் காலம் தொடங்குமுன், கரையேற்றி அடிப்பெயின்ட். மழை பெய்த மறுநாள் தண்ணீரை இறைப்பது என் மகன் வேலை.

செய்தி பரவி, வடக்கே கிரான் கோப்பிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவர் தாத்தாவின் படகு. போய்ப் பார்த்தோம். ஏராவில் கோணூசி பிடிவரை இறங்கியது. வங்குகளில் நாலைந்துகூடத் தேறவில்லை. அவர் கண்ணில் அவ்வளவு ஆசை. காப்பாற்ற முடியாது என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது, தொந்தோன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் திரும்பி வரவில்லை நாங்கள். நூல் கட்டினோம். மூன்று ஞாயிறு அளந்தோம். எங்கள் படகைவிட அதன் அணியம் நாலு விரல் உயரம், அடி இன்னும் தட்டை. அந்தப் பக்கத்துக் கடலுக்கு அப்படித்தான் வேண்டும் என்றார் தொந்தோன். அந்தப் படகின் 11 பிளைவுட் அச்சுகளும் இப்போது எங்கள் பள்ளிச் சாமான் அறைச் சுவரில் தொங்குகின்றன; ஒவ்வொன்றிலும் எண்ணும், எந்தப் படகு, எந்த இடம் என்பதும் தமிழிலும் கிரியோலிலும் எழுதியிருக்கிறேன். அந்தப் பேரன் மரம் சேர்க்கத் தொடங்கிவிட்டார்.

தொந்தோனுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. உள்ளங்கையைப் பலகையில் ஓட்டி, எங்கே சீவவேண்டும் என்று சொல்கிறார்.

ராமநாதபுரத்துத் தம்பியின் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். போகும்போது கிரான் கோப் படகின் அச்சுகளைப் பழுப்புத் தாளில் நகல் எடுத்துச் சுருட்டிக்கொண்டு போனார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மண்டபம் பக்கத்தில் எங்கேயோ ஒரு வீட்டு வாசல், காற்றில் சாய்ந்த புன்னை, அதன் தாழ்ந்த கொப்பு ஒன்றில் சாக்பீஸால் நீளமாக ஒரு வளைகோடு. கீழே எழுதியிருந்தார்: 'அக்கா, தாத்தாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. இது ஆறாவது வங்கா, ஏழாவதா?'